அம்பியின் உத்தியோகம்

நம் கதைகளில் கதாநாயகனுக்கு ஓர் உத்தியோகம் தவறாமல் இருக்கும். அதை அவன் எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறான் என்பதுதான் இராது. 2005-ல் ஷங்கர் இயக்கி, சுஜாதா வசனம் எழுதிய ‘அந்நியன்’ படத்தில் இந்தக் குறை பெரிதாகவே தெரிகிறது. அம்பி ஒரு வக்கீல். அவனுக்குள்ளேயே ரெமோ என்னும் சிங்காரப் புருஷனும், அந்நியன் என்னும் தண்டனைக்காரனும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது அம்பிக்குத் தெரியாது. விக்ரமின் நடிப்பு அபாரந்தான். ஆனால், இரவில் வேறொருவனாக அலைந்தவன் மறுநாள் கட்சிக்காரரிடம் என்ன சொல்லிச் சமாளித்தான்? படத்துக்கு அதில் அக்கறை இல்லை.

‘பல ஆளுமை’ என்று வழங்கிவந்த இந்த நோயின் பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-ல் ‘டிஸோஸியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’ என்று மாற்றியது. ஓர் உடலில் பலர் குடியிருக்கவில்லை, ஒரே மனம் ஒன்றுசேர முடியாமல் கிடக்கிறது என்பதே அதன் கருத்து. பெரும்பாலும் இளமையில் பட்ட கொடுமையே அதற்கு வித்து. கொலை அல்ல, மறதிதான் அதன் அன்றாட முகம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்குக் கணக்கெழுதப் போகும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேரேட்டில் இருப்பது அவருடைய எழுத்து. எழுதிய ஞாபகம் இல்லை. “நேற்றுத்தானே சொன்னேன்!” என்கிறார் மானேஜர். இவர் சிரித்து மழுப்புகிறார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. எல்லாவற்றையும் அதில் குறித்துக்கொள்கிறார். சம்பளத் தேதிவரை நடக்கும் இந்தப் போராட்டத்தில் இல்லாத நாடகமா?

அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலைத் தொண்டு செய்த பெரியாழ்வார், யசோதையாக நின்றும் பாடினார். பாடுகிறவர் தாம்தான் என்பதை அவர் மறக்கவில்லை. நம் குமாஸ்தாவுக்கு அந்த நிச்சயம் இல்லை. வேஷம் வேறு, மறதி வேறு. நம் சினிமா வேஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது குறைபாடு நேர்ந்தவரை அரசு நிறுவனம் நீக்கக் கூடாது என்கிறது. தனியார் ஆலைக் குமாஸ்தாவுக்கு அந்த விதி நிழல் தராது. அதனால் அவர் வாயைத் திறப்பதில்லை. மற்றொரு காரணமும் உண்டு: பக்கத்து மேஜைக்காரர் ‘அந்நியன்’ பார்த்திருக்கிறார். அந்த மேஜைக்காரரின் பயத்தைப் போக்கும் ஒரு நாவலைத் தமிழில் யாராவது எழுத வேண்டும்.