26 இரவல்களின் பின்

ஹஷெட் உட்பட நான்கு பதிப்பகங்கள் இன்ரர்நெற் ஆர்க்கைவ் மீது தொடுத்த வழக்கில், 2024 செப்டெம்பரில் வந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பை எழுத்தாளர் உரிமைக்குக் கிடைத்த வெற்றியென எம்மில் சிலரும் வரவேற்றனர். எழுத்தாளருக்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இவ்வாதத்தின் மறைவில் வேறொரு உரிமை கைமாறிக்கொண்டிருக்கிறது.

1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு நாவல் வந்தது. ஒரு டொலருக்குக் குறைத்து விற்கக் கூடாதென்று பதிப்பாளர் அதில் அச்சிட்டிருந்தார். மேசீஸ் கடைக்காரர் 89 சதத்துக்கு விற்றார். முதல் விற்பனையோடு பதிப்பாளரின் பிடி முடிந்தது என்றது நீதிமன்றம். அந்நாட்டில் நூலகம் தான் வாங்கிய புத்தகத்தை எவரிடமும் கேளாமல் இரவல் கொடுப்பதும் இக்கோட்பாட்டின் பலத்தில்தான். மின்னூல் வந்ததும் பதிப்பகங்கள் விற்பதையே கைவிட்டன. இப்போது கொடுப்பது உரிமம். அதற்குத் தவணை உண்டு.

2011இல் ஹார்ப்பர்கொலின்ஸ் 26 இரவல்களோடு உரிமம் காலாவதியாகும் என அறிவித்தது. அச்சுப் பிரதியின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவுதானாம். மட்டை கழன்ற, முதற்பக்கங்களே இல்லாத புத்தகங்களை ஊர் வாசிகசாலைகளில் வாசித்து வளர்ந்த எமக்கு இது நல்ல வேடிக்கை. 2019 நவம்பரில் மக்மில்லன், புதுநூல் வெளிவந்து எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரேயொரு மின்பிரதி மட்டுமே என்றது. ஊர் பெரிதோ சிறிதோ கணக்கு ஒன்றுதான். நூலகங்கள் பல பகிஷ்கரித்தன. 2020 மார்ச்சில் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

இதனால் அடிபடுவது யார்? ஒரே நூலுக்கு இரண்டு வருடங்களுக்கொருமுறை பணம் கட்டும் நூலகம், அந்தப் பணத்தைச் சிறுபதிப்பகங்களின் கவிதைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும்தான் மிச்சம் பிடிக்கும். பெயர்பெற்ற எழுத்தாளரைக் காப்பதாகச் சொல்லும் ஏற்பாடு, அறியப்படாத எழுத்தாளரை அலுமாரிக்கே வரவிடாமற் செய்கிறது.

இன்ரர்நெற் ஆர்க்கைவையும் நான் நியாயப்படுத்தவில்லை. 2020 மார்ச்சில், பெருந்தொற்றைக் காரணங்காட்டி, வைத்திருந்த பிரதி எத்தனை என்ற கணக்கையே அது கைவிட்டது. எதிராளியின் கையில் தானே கத்தியைக் கொடுத்த செயல் அது.

எழுத்தாளரின் கூலியும் நூலகத்தின் உடைமையும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை. பிரித்தானியாவில் இரவலுக்காக எழுத்தாளருக்கு அரசு பணம் கொடுக்கும் சட்டம் 1979இல் வந்தது. 2018இல் மின்னூலுக்கும் நீட்டப்பட்டது. ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குக் கொடுப்பதாயின், மின்னூல் இரவலும் இரவலே என ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் நெதர்லாந்து வழக்கொன்றில் ஏற்றுக்கொண்டது. எழுத்தாளருக்குரிய கொடுப்பனவும் அதில் அடங்கும்.

எமக்கு இது தூரத்துச் சண்டையல்ல. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபின் எஞ்சியவற்றைத் தேடி, 2005இலிருந்து நூலகம் திட்டம் இணையத்தில் சேர்த்துவருகிறது. ஈழத்துச் சஞ்சிகைகள் பலவற்றை இன்று அங்குதான் வாசிக்கிறோம். அவை தவணை உரிமத்தில் வந்திருந்தால், புதுப்பிக்க மூலப்பதிப்பாளரைத் தேடி எங்கே போவது? பலருடைய முகவரிகூட இல்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மின்னூல் போடும் எம் பதிப்பாளர்கள், விநியோகக் கொம்பனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், நூலகங்களுக்குத் தவணையின்றி நேரடியாகப் பிரதி விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்திருக்கட்டும்.