சிரிக்கும் மண்டையோடுகள்

நவம்பர் 2 அன்று, இறந்த விசுவாசிகளை நினைவுகூர்ந்து கல்லறைகளை மந்திரிக்கச் செல்லும் நமக்கு, அதே நாளில் மெக்சிகோ மக்கள் மண்டையோட்டுப் படங்களைப் பார்த்துச் சிரிப்பது முதலில் உறுத்தலாகவே இருக்கும். அப்படங்களால் புகழ்பெற்றவர் ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913). தலைநகரில் வனேகாஸ் அர்ரோயோ என்பாரின் அச்சகத்திற்காக, அச்செழுத்து வார்க்கும் ஈயக் கலவையிலும் துத்தநாகத் தகட்டிலும் அவர் உருவாக்கிய படங்கள், நையாண்டிப் பாடல்களுடன் மட்டமான தாளில் அச்சாகிச் சில்லறைக் காசுக்குத் தெருவில் விலைபோயின. எழுத்தறியாதவனும் படத்தைப் பார்த்து, பிறர் படிக்கக் கேட்டு, நாட்டு நடப்பை அறிந்துகொண்டான். புனிதர் படங்களும் செபங்களும் அதே அச்சகத்திலிருந்துதான் வந்தன; போசாதாவை மதப்பகைவராக எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மிதிவண்டி ஓட்டுவோரும் தெருக்கூட்டுவோரும் அரசியல் தலைவர்களும் இத்தாள்களில் எலும்புக்கூடுகளே. திருநீற்றுப் புதனன்று நாம் நெற்றியில் பூசுவதை இவை காசுக்கு விற்றன எனலாம். ஆயினும் நம் மனம் முழுதும் இசையவில்லை. சாவு வந்தால் எல்லாரும் சமம் என்ற ஆறுதலோடு ஏழை வீடு திரும்பிவிட்டால், மறுநாள் காலையில் பண்ணையார் காட்டும் கடன் கணக்கு என்னாகும்? செல்வரும் இலாசரும் உவமையில் (லூக்கா 16) சாவு இருவரையும் சமமாக்கவில்லை; பெரும் பிளவொன்று இடையே விழுந்தது. வாயிலில் கிடந்தவனைக் காணாமற் போனதற்குச் செல்வர் பதில் சொல்லவேண்டியிருந்தது. எலும்புக்கூட்டின் சிரிப்பு அந்தப் பதிலைக் கேட்பதில்லை.

அகன்ற தொப்பியணிந்த அந்தப் பெண் மண்டையோட்டையே எடுத்துக்கொள்வோம். அது செல்வச் சீமாட்டியைக் குத்தும் படம் என்றே இன்று பலரும் எண்ணுகின்றனர். 1913-இல் வெளியான தாள் கேலி செய்ததோ, தன் பூர்வகுடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பியப் பகட்டுக் காட்டிய எளிய பெண்களை! தியேகோ ரிவேரா 1947-இல் தம் சுவரோவியத்தில் முழு உடலும் நீண்ட ஆடையும் அளித்த பின்னரே அவள் சீமாட்டியானாள். பிறப்பை எண்ணி வெட்கப்படும்படி அப்பெண்களை ஆக்கியவர் யார் என்று மூலத்தாள் கேட்கவில்லை. மலிவான அச்சு எளியோருக்குக் குரல் கொடுத்ததென்று புகழும்போது, அவர்களையே அது எள்ளியதையும் நாம் மறைக்கலாகாது.

எலும்புக்கூடுகளை விட்டு, தொழிலாளருக்கான மலிவுவிலை நையாண்டி ஏடுகளில் உழைப்பவனையும் அவனை நசுக்குபவனையும் உயிருள்ள முகங்களோடு அவர் வரைந்தவையே நமக்கு மேலானவையாகப் படுகின்றன. அவற்றைத் தேடிப் பார்ப்போர் குறைவு.

போசாதா 1913 சனவரியில் வறியவராக இறந்து, ஏழைகளுக்கான குழியில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவருடைய எலும்புகள் பொதுக்குழிக்குப் போயின. கல்லறைத் திருநாளில், நினைப்பாரற்ற ஆன்மாக்களுக்காக நாம் சொல்லும் செபம் அவருக்கும் உரியது.