பதக்கமா, நேரமா: நடுத்தூர ஓட்டப் பள்ளிகளும் அவற்றின் அளவுகோல்களும்

நடுத்தூர ஓட்டக்காரர் ஒருவரின் தரத்தை ஒலிம்பிக், உலகச் சாம்பியன்ஷிப் போன்ற பெரும்போட்டிகளில் அவர் வென்ற பட்டங்களைக் கொண்டு அளப்பதா, வாழ்நாளில் அவர் எட்டிய மிகக் குறைந்த நேரத்தைக் கொண்டு அளப்பதா என்னும் வழக்கு, 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடப்படும் நாடுகளிலெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்பின்றி நடந்துவருகிறது. நூறு மீட்டரில் இவ்வழக்குக்கு அவ்வளவாக இடமில்லை. அங்கே முதலில் வருபவர் வேகமாக ஓடியே முதலில் வருகிறார். நடுத்தூரத்திலோ, பின்தொடர்பவருக்குக் காற்றின் தடை குறைவதாலும், முன்னால் செல்பவர் மற்ற அனைவருக்குமாகச் சேர்த்து உழைக்க நேர்வதாலும், மெதுவாக ஓடி வெல்வதும் வேகமாக ஓடித் தோற்பதும் இயல்பாகவே நிகழ்கின்றன. இச்சங்கத்தின் மூத்தோர் இவ்வழக்கில் பட்டத்தின் பக்கம் நின்றார்கள் என்பது உறுப்பினர் அறிந்ததே. அந்நிலைப்பாட்டின் காரணங்களைப் பிற பள்ளிகளின் வரலாற்றோடு ஒருங்கு வைத்து நோக்க வேண்டும் என்று மலர்க்குழு கேட்டுக்கொண்டதன் பேரில் இக்கட்டுரை எழுதப்பட்டது.

சாதனைக்கென நடத்தப்படும் பந்தயத்தில் பேஸ்மேக்கர் எனப்படுவோர், அதாவது முதல் இரண்டு அல்லது மூன்று சுற்றுகளைக் குறித்த நேரத்தில் இழுத்துக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் ஓட்டக்காரர்கள், அமர்த்தப்படுகிறார்கள்; பெரும்போட்டியின் இறுதியில் அத்தகைய உதவிக்கு இடமில்லை என்பதோடு, அங்கு நிற்பவர் தகுதிச் சுற்றையும் அரையிறுதியையும் சில நாள் இடைவெளியில் ஓடிக் களைத்த கால்களுடன் நிற்கிறார். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் முடித்தபோது கிறிஸ் பிரேஷரும் கிறிஸ் சாட்டவேயும் அவருக்கு வேகமிட்டுக் கொடுத்தனர். ஏழு வாரத்துக்குள் அச்சாதனையை ஜான் லாண்டி முறியடித்துவிட்டார். ஆனால் ஆகஸ்டில் வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர் மோதியபோது, சாதனையை இழந்துவிட்டிருந்த பானிஸ்டர், சாதனையை வைத்திருந்த லாண்டியைக் கடைசி வளைவில் கடந்து 3:58.8 நேரத்தில் வென்றார். பொதுமக்கள் மே மாதத்து ஓட்டத்தையே இன்றுவரை கொண்டாடுகிறார்கள். சங்கத்து மூத்தோர் எப்போதும் ஆகஸ்டு மாதத்து ஓட்டத்தையே எடுத்துக்காட்டுவர்.

பள்ளிகளின் வரலாறும் இவ்விரண்டு அளவுகோல்களில் எதன்மேல் அவை கண்வைத்தன என்பதைப் பொறுத்தே விரிகிறது. ஜெர்மனியின் வால்டெமார் கெர்ஷ்லர், இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலுடன் சேர்ந்து, நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்றிப் பின் 120 வரை இறங்கவிட்டு மீண்டும் ஓடவைக்கும் இடைவெளிப் பயிற்சியை வகுத்தார். அவருடைய மாணவர் ரூடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலானில் 800 மீட்டரை 1:46.6 நேரத்தில் ஓடிய சாதனை பதினாறு ஆண்டுகள் நிலைத்தது. ஆனால் போர் அவருடைய ஒலிம்பிக்கையும் பின்னர் உயிரையும் பறித்துக்கொண்டது. கெர்ஷ்லர் மரபுக்கு 1500 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் 1952இல் ஹெல்சிங்கியில் கிடைத்தது, அதுவும் எவரும் எதிர்பாராத லக்சம்பர்க் நாட்டு ஜோசி பார்த்தெல் வழியாக. சுவீடனில் யோஸ்டா ஹோல்மர் வகுத்த ஃபார்ட்லெக், அதாவது காட்டுப்பாதையில் மனம்போல வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும் முறை, தழைத்த காலத்தில்தான் குண்டர் ஹெக்கும் ஆர்னே ஆண்டர்சனும் மைல் சாதனையை மாறிமாறிக் குறைத்து 1945இல் 4:01.4 வரை கொண்டுவந்தார்கள். 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடைபெறாததால் பட்டத்தால் அவர்களை அளக்கவே வழியில்லாமற் போயிற்று. பட்டமே அளவுகோல் என்போர் இவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நேர்மையானதே.

ஹங்கேரியின் மிஹாய் இக்லோயின் பள்ளி இதற்கு எதிரான எடுத்துக்காட்டாகும். குறுந்தூர ஓட்டங்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கி நாள்தோறும் இருவேளை ஓடவைத்த அவருடைய மாணவர்கள் 1955, 1956 ஆண்டுகளில் சாதனைப் பட்டியலையே தமதாக்கிக்கொண்டார்கள். ஆயினும் மெல்பர்ன் ஒலிம்பிக்கின் 1500 மீட்டரில் அப்போதைய உலகச் சாதனையாளர் ரோஷவோல்கி தகுதிச் சுற்றோடு வெளியேறினார். தாபோரி நான்காவதாக வந்தார். தங்கம் அயர்லாந்தின் ரான் டெலானியைச் சேர்ந்தது. அந்த இலையுதிர்காலத்தில் புதாபெஸ்டில் நிகழ்ந்த எழுச்சியைக் கணக்கில் கொள்ளாமல் இதைப் பயிற்சிமுறையின் தோல்வி என்று மட்டும் சொல்வது அநீதியாகும். ஆஸ்திரேலியாவின் போர்ட்ஸீ மணல்மேடுகளில் பெர்சி செருட்டி வளர்த்த ஹெர்ப் எலியட், 1960 ரோமில் வேகமிடுவோர் எவருமின்றி 3:35.6 நேரத்தில் உலகச் சாதனையோடு தங்கத்தையும் எடுத்துக்கொண்டு, மைலிலும் 1500 மீட்டரிலும் தோல்வியே அறியாதவராக ஓய்வுபெற்றார். அத்தகையவர் ஒருவர் கிடைத்தால் வழக்கே எழாது.

சங்கத்து மூத்தோர் சார்ந்திருப்பது நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு வகுத்த மரபு. ஆகவே இக்கட்டுரை அதன்மேல் சற்றுக் கூடுதலாக நிற்பதை உறுப்பினர் பொறுத்துக்கொள்வர். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலைபார்த்துக்கொண்டு, முதலில் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து உருவாக்கிய அம்முறையில், 800 மீட்டர் ஓடுபவரும் மாரத்தான் ஓடுபவரைப் போல வாரத்துக்கு நூறு மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர், பல வாரங்கள் ஓடி அடித்தளம் இடுகிறார். அதன்பின் மேட்டுப்பாதையில் தாவியோடும் பயிற்சியும், அதற்கும் பின்னரே தடத்தில் வேகப் பயிற்சியும், இறுதியில் கூர்தீட்டும் சில வாரங்களும் வருகின்றன. இவ்வடுக்கின் முழுநோக்கமும் ஆண்டில் ஒரே ஒரு குறித்த நாளில், ஒரே ஒரு பந்தயத்தில் உச்சத்தை எட்டுவதாகும். பயிற்சியின் ஒவ்வொரு வாரமும் அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே வகுக்கப்படுகிறது. ஆகவே பட்டமே அளவுகோல் என்னும் கருத்து லிடியார்டு மரபினர் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட பெருமிதம் அன்று. அம்மரபின் நாட்காட்டியிலேயே அது அடங்கியிருக்கிறது.

1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதியில் நிகழ்ந்ததை உறுப்பினருக்குச் சொல்லத் தேவையில்லை எனினும், அதன் ஒரு கூறு அடிக்கடி மறக்கப்படுகிறது. லிடியார்டின் மாணவர் பீட்டர் ஸ்னெல் மூன்று நாளில் நான்கு முறை 800 மீட்டர் ஓடினார். உலகச் சாதனையாளரான பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ், கோட்டை நெருங்கும்போது வலப்புறம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்னெல் உள்பக்கமாக வந்து அவரைக் கடந்தார். மோன்ஸ் வேகத்தில் குறைந்தவர் அல்லர். நான்காவது ஓட்டத்தில் ஸ்னெல்லின் கால்களில் மிச்சமிருந்த வலு மோன்ஸிடம் இல்லை. வைட்டாருவா மலைப்பாதையின் 22 மைல் சுற்றை ஞாயிறுதோறும் ஓடியதற்குக் கிடைத்த பலன் அதுவே என்பது லிடியார்டு மரபினரின் விளக்கம். அன்று மாலையிலேயே, சற்று நேரத்துக்குள், அதே பயிற்றுநரின் மாணவர் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரை வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் ஸ்னெல் எட்டு நாளில் ஆறு பந்தயங்கள் ஓடி 800 மீட்டரையும் 1500 மீட்டரையும் ஒருங்கே வென்றார். ஒலிம்பிக் ஆடவர் பிரிவில் அதன்பின் எவரும் அதைச் செய்யவில்லை. அவ்வளவு பெரிய சாதனைக்காரர் 1962இல் மைலையும் 800 மீட்டரையும் உலகச் சாதனையாக ஓடியதுகூட, மூத்தோர் பேச்சில் அவர் வாழ்க்கையின் ஓர் அடிக்குறிப்பாகவே இடம்பெற்றது. அது சற்று மிகைதான். சங்கத்தின் மறைந்த முதுபெரும் பயிற்றுநர், தம் மாணவர் எவருக்கும் போட்டிக்கு முந்திய பத்து நாட்களில் ஸ்டாப் வாட்ச் காட்டும் நேரத்தைச் சொல்ல மறுத்ததும் இம்மரபைச் சேர்ந்ததே.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது 2016 ரியோ இறுதி. அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 1500 மீட்டரை 3:50.00 நேரத்தில் வென்றார். 1932க்குப் பின் அவ்வளவு மெதுவான ஒலிம்பிக் வெற்றி இல்லை. சில வாரங்களில் அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுடையோர் பிரிவில் முதல் நால்வரும் அதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடியபோது, பட்டத்தின் மதிப்பை எள்ளுவோர்க்கு அது பெருவாய்ப்பாயிற்று. ஆனால் 800 மீட்டரை 2 நிமிடம் 16 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு கடந்த அக்கூட்டம், கடைசி 400 மீட்டரை 51 விநாடிக்கும் குறைவாக ஓட வேண்டியிருந்தது; சென்ட்ரோவிட்ஸ் தொடக்கம் முதல் உள்கோட்டை விட்டுக்கொடுக்காமல் முன்னிலையில் நின்று, எவர் வந்தாலும் வெளிப்பக்கமாகவே சுற்றிவர நேரும்படி செய்தார். மெதுவாக ஓட வேண்டும் என்று எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வேகமாக ஓடக்கூடியவர் அங்கே பலர் இருந்தும் முன்வந்து ஓடத் துணிந்தவர் இல்லை என்பதே அந்நேரத்தின் பொருள்.

பட்டங்கள் அனைத்தும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதை மறுப்பதற்கில்லை. 1976 மாண்ட்ரியாலில் ஜான் வாக்கர் வென்ற 1500 மீட்டரில், ஆப்பிரிக்க நாடுகள் விலகியதால் பில்பர்ட் பாயி இல்லை. இரண்டாண்டுக்கு முன் கிறைஸ்ட்சர்ச்சில் பாயி தொடக்கம் முதல் முன்னின்று 3:32.2 என்னும் உலகச் சாதனையில் வாக்கரை வென்றிருந்தார். வாக்கர் லிடியார்டின் நாட்டினர் என்பதற்காக இக்குறையைக் கூறாமல் விடுவது முறையன்று. 2012 லண்டனில் மகளிர் 1500 மீட்டரில் முதலிரு இடங்களைப் பெற்றவர்களின் முடிவுகள் ஊக்கமருந்து விதிமீறலால் பின்னர் நீக்கப்பட்டன. எதிர்ப்புறத்தில், 800 மீட்டரை 1:41.11 நேரத்தில் ஓடி மூன்று முறை உலகச் சாம்பியனான வில்சன் கிப்கெட்டர், 1996இல் குடியுரிமைச் சிக்கலால் ஒலிம்பிக்கில் ஓட இயலாமல், 2000 சிட்னியில் 1:45.08 ஓடிய நில்ஸ் ஷூமானிடம் நூறில் ஆறு பங்கு விநாடியில் தோற்றார். ஷூமான் கிப்கெட்டரைவிடச் சிறந்த ஓட்டக்காரர் என்று எந்த மூத்தவரும் சொல்லத் துணிந்ததில்லை. அன்றைய தினம் அவரே சிறந்தவர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஹிஷாம் எல் கெருஜ் 3:26.00 என்னும் சாதனையையும் நான்கு உலகப் பட்டங்களையும் வைத்துக்கொண்டு, அட்லாண்டாவில் விழுந்து, சிட்னியில் தோற்று, 2004 ஏதென்ஸில் வென்ற பின்னரே அவரைப் பற்றிய பேச்சு அடங்கியது. கென்யாவின் ஐட்டனில் அயர்லாந்துத் துறவி கோம் ஓ'கானல் வளர்த்த டேவிட் ருடிஷா, 2012 லண்டன் இறுதியில் தாமே முன்னின்று 1:40.91 ஓடியபோது, கடைசியாக வந்தவரின் 1:43.77கூட அதற்கு முந்திய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சான்று உண்டு. இல்யாஸ் பாபரின் மாணவர் ஸ்ரீராம் சிங், 1976 மாண்ட்ரியால் 800 மீட்டர் இறுதியில் அல்பெர்ட்டோ ஹுவாந்தொரேனாவுக்கும் முன்னே முதற்சுற்றை முடித்து, ஏழாவதாக 1:45.77 நேரத்தில் வந்தார். அந்நேரம் 2018 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. வேகமிடுவோர் இல்லாத ஓர் ஒலிம்பிக் இறுதியில்தான் அது பிறந்தது. அதை முறியடித்த ஜின்சன் ஜான்சன், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெரிதும் அறியப்படாத சக வீரர் மன்ஜித் சிங்கிடம் அதே தூரத்தில் தோற்று, இரண்டு நாளில் 1500 மீட்டரை வென்று காட்டினார். அந்த ஒரு வாரத்தில் கற்கத்தக்கவை பல.

கற்றார்களா என்பது வேறு கேள்வி. இன்றைய பயிற்றுநர் சிலர், அவர்களுள் திறமையும் உழைப்பும் உடையோர் உண்டு என்பதால் பெயர் சுட்டுவது இம்மலருக்கு அழகன்று, ஓட்டக்காரரை ஒரு நேரத்துக்காகவே தயார்செய்கிறார்கள். இதற்கு ஓரளவு காரணமும் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதிபெற 1500 மீட்டரில் 3:33.50 வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது, வேகமிடுவோர் உள்ள அயல்நாட்டுப் பந்தயத்தைத் தேடிப் போகாமல் அதை எட்டுவது அரிதாயிற்று. தடத்தின் உள்விளிம்பில் குறித்த வேகத்தில் நகர்ந்து செல்லும் விளக்குகளும், கரித்தகடும் துள்ளும் நுரையும் கொண்ட காலணிகளும் அங்கே துணைநிற்கின்றன. அத்தகைய பந்தயத்தில் ஓடிப் பழகியவர், கூட்டத்தின் நடுவே நாற்புறமும் அடைபட்டுப் போனால் எப்போது பின்வாங்கி வெளியேறுவது என்று அறிவதில்லை. டோக்கியோவில் ஸ்னெல் அதைச் செய்தே வென்றார். மாவட்ட, மாநில அளவில் தகுதிச் சுற்றுகளே மறைந்து, ஓட்டக்காரரைப் பிரிவு பிரிவாக ஓடவிட்டு நேரத்தை ஒப்பிட்டு இடங்களை அறிவிக்கும் வழக்கம் பரவுகிறது. முதல் பிரிவில் ஓடிய சிறுவன் தன்னை வென்றவனின் முகத்தையும் பார்க்காமல் வெள்ளிப் பதக்கத்தோடு வீடு திரும்புகிறான். பெற்றோர் மகள் யாரை வென்றாள் என்று கேட்பதில்லை, எத்தனை விநாடி என்றே கேட்கிறார்கள். கைக்கடிகாரத்தின் பதிவைப் பார்த்துக்கொண்டே கோட்டைக் கடப்பவர் உண்டு. கடைசிச் சுற்றுக்கான மணியை அடிக்கும் பொறுப்பை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும், அம்மணி தாமதமாக ஒலித்தாலும் குற்றமில்லை, மின்னணுக் கருவி பிழையின்றி ஓடினால் போதும் என்ற எண்ணமும் ஒரே நோயின் அறிகுறிகள். பாரிஸில் தகுதிச் சுற்றிலிருந்து நேர அடிப்படையில் முன்னேறும் வழி நீக்கப்பட்டதை மூத்தோர் வரவேற்றார்கள். தோற்றவருக்கு மறுவாய்ப்புச் சுற்று ஒன்று கூடவே சேர்க்கப்பட்டதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

சங்கத்தின் ஆண்டுப் போட்டியில் 800 மீட்டர் இன்றும் தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என இரண்டு நாளில் மூன்று முறை ஓடப்படுகிறது. பதிவுசெய்வோர் குறைந்துவருவதைக் காட்டி அதை ஒரே ஓட்டமாக்கும்படி இளைய உறுப்பினர் சிலர் வைத்த வேண்டுகோளைச் செயற்குழு ஏற்கவில்லை. அரையிறுதிக்கு ஆள் நிறையாத ஆண்டில் அச்சுற்றை விட்டுவிடலாம் என்றும், அப்போதும் இறுதி மறுநாள் மாலையிலேயே ஓடப்பட வேண்டும் என்றும் மூத்தோர் வாய்மொழியாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதை எழுத்தில் சேர்ப்பது பற்றி வரும் பொதுக்குழுவில் பேசப்படும்.