மேற்கோள் கணக்கும் தாவர விஞ்ஞானிகளும்

தாவர விஞ்ஞானிகளுள் தலையாயவர் யார், அவருக்கு அடுத்தவர் யார் என்று ஆண்டுதோறும் பட்டியலிட்டு வெளியிடும் வழக்கம் இப்போது உலகெங்கும் வேரூன்றிவிட்டது. ஒருவரது கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டினர் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டே அவருடைய ஸ்தானத்தை நிர்ணயிப்பதுதான் இதன் முறை. பட்டியலில் தம் பேராசிரியர் பெயர் வந்துவிட்டால் பல்கலைக்கழகங்கள் பூரிப்புடன் பறைசாற்றிக் கொள்கின்றன. வராதவர்களைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை.

இதற்கு வித்திட்ட யூஜின் கார்ஃபீல்டின் நோக்கம் தரவரிசை அன்று. ஒரு தீர்ப்பு பிற்காலத்தில் எந்தெந்த வழக்குகளில் ஏற்கப்பட்டது, எவற்றில் மறுக்கப்பட்டது என்று தேடிக் காண அமெரிக்க வழக்கறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கையாண்டுவந்த அட்டவணையை முன்மாதிரியாகக் கொண்டு, விஞ்ஞானக் கருத்தொன்று கட்டுரைக்குக் கட்டுரை எவ்வாறு சென்றது என்பதைத் தொடர்ந்து காண்பதற்கே 1955இல் அவர் மேற்கோள் அட்டவணைக்கான யோசனையை வெளியிட்டார். தேடுவதற்குப் பிறந்த கருவி காலப்போக்கில் எடைபோடும் தராசாயிற்று. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி, நாற்பது முறையேனும் சுட்டப்பட்ட கட்டுரைகள் நாற்பது இருந்தால் ஒருவரது குறியீடு நாற்பது என்னும் எளிய விதியை வகுத்ததும், ஆயுட்கால உழைப்பு முழுவதும் ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமாகாது. பெரியவர் ஒருவரின் சிபாரிசும், பயின்ற கலாசாலையின் கீர்த்தியும், சங்கங்களில் உள்ள செல்வாக்குமே ஒருவரது தகுதியைத் தீர்மானித்த காலத்தோடு ஒப்பிட்டால், எங்கோ ஒரு மூலையிலிருந்து எழுதியவரையும் முகதாட்சணியமின்றிக் காட்டும் எண் ஒருவகையில் தர்மத்தின் பக்கமே நிற்கிறது.

ஆனால் அது எதை அளக்கிறது? பெர்க்லியில் பணியாற்றிய டேனியல் ஆர்னன், பசுங்கணிகங்கள் ஒளியைக் கொண்டு உயிரணுவின் சக்தி நாணயமான ஏடிபியை உண்டாக்குகின்றன என்று 1954இல் நிரூபித்தார். ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியில் அது ஒரு திருப்புமுனை. அவர் பெயரைத் தாவரவியல் கட்டுரைகள் ஓயாது சுட்டிவருவதோ பெரும்பாலும் அதற்காக அன்று. பீட்ரூட் இனச் செடியின் இலையிலுள்ள தாமிர நொதிகளைப் பற்றி 1949இல் எழுதிய கட்டுரையில், பச்சையத்தின் அளவைக் கணக்கிட அவர் போகிற போக்கில் தந்த சூத்திரத்துக்காகவே சுட்டுகின்றன; அதற்கு ஆதாரமான குணகங்களும் மெக்கின்னி என்பவர் 1941இல் அளந்து தந்தவை. முராஷிகியும் ஸ்கூக்கும் 1962இல் புகையிலைத் திசுவை வளர்ப்பதற்கு வகுத்த உப்புக் கலவையும் இவ்வாறே திசு வளர்ப்புக் கூடங்கள்தோறும் புழங்கி, மேற்கோள் கணக்கில் எட்டாத உயரத்தில் நிற்கிறது. இவை பயனுடையவை என்பதில் ஐயமில்லை. எனினும் பயன்பாட்டின் அளவையும் சிந்தனையின் ஆழத்தையும் ஒரே எண்ணால் குறிக்கும்போது வாசகன் ஏமாறுகிறான்.

மேற்கோளே இல்லாத பயன்பாடும் உண்டு. சென்னை மாகாணத்துத் தாவரங்களை விவரித்து ஜே. எஸ். காம்பிள் தொடங்கி, அவர் காலமான பின் ஃபிஷர் நிறைவேற்றிய பெருநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதைப் புரட்டித் தென்னாட்டுச் செடியொன்றின் பெயரைக் கண்டுகொள்பவர், பிறகு அதன் ரசாயனத்தைப் பற்றி எழுதும்போது காம்பிளைச் சுட்ட வேண்டும் என்று நினைப்பது அபூர்வம். செடியின் லத்தீன் பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டியவரின் பெயர்ச் சுருக்கம் நிற்கிறது. அது மேற்கோளின் இனமே ஆயினும் கணக்கில் ஏறுவதில்லை. ஏறினால் லின்னேயஸை மிஞ்ச எவராலும் இயலாது என்பது வேறு விஷயம்! கோயம்புத்தூரில் காட்டுக் கரும்போடு நாட்டுக் கரும்பை இணைத்து வட இந்திய வயல்களின் போக்கையே மாற்றிய வெங்கடராமனின் கரும்பினங்களை நட்ட விவசாயிகளும் அடிக்குறிப்பு எழுதியவர்கள் அல்லர்.

துறைக்குத் துறை உள்ள பேதம் இதைவிட நுட்பமானது. அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியை ஆராய்பவருக்கு உலகெங்கும் சகாக்கள் உண்டு. சாமையை ஆராய்பவருக்கோ மேற்கோள் காட்டவே ஆள் குறைவு. துறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறோம் என்று கூறிப் பட்டியல் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனமும் தாவர விஞ்ஞானத்தையும் விலங்கு விஞ்ஞானத்தையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. அயோனிடிஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட பட்டியல் இவ்வகையில் மேலானது: துறைகளை நுணுக்கமாகப் பகுத்து, கட்டுரையில் முதலிலும் இறுதியிலும் பெயர் பெற்றவருக்குத் தனி மதிப்பளித்து, தம்மைத் தாமே சுட்டிக்கொண்டதை விலக்கியும் கணக்குக் காட்டுகிறது. எனினும் எண்ணைப் பெருக்கும் வித்தைகள் ஓயவில்லை. 2023இல் கிளாரிவேட் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைத் தன் பட்டியலிலிருந்து ஒதுக்க நேர்ந்தது.

தாவரங்களைப் பற்றி மெண்டல் எழுதிய முக்கியக் கட்டுரைகள் இரண்டே; அவற்றைக் கொண்டு ஹிர்ஷ் குறியீடு கண்டால் இரண்டுக்கு மேல் போகாது. அதைக் காட்டிக் குறியீட்டைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் மெண்டலைத் தேர்ந்தெடுக்க எந்தக் குழுவும் கூடப்போவதில்லை. நூறு விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு, ஒரே துறையில் ஒத்த வயதினர் இருவரை ஒப்பிடும் முதற்கட்டத்தில் இந்த எண் உதவட்டும். ஆனால் தாவரங்களை வகைப்படுத்துவோருக்கும் பயிரினங்களை உருவாக்குவோருக்கும் அந்தக் கட்டத்திலும் அதைக் கேட்காமலிருப்பதே முறை. அவர்களுடைய நூலையும் வயலையும்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.