நீதிபதிக்கு வாக்குக் கேட்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாற்றில் ஒரு பெண் பிள்ளைச் செலவு கேட்டு வழக்குப் போட்டால், பதுளை வீதியால் செங்கலடிச் சந்திக்கு வந்து பஸ் மாறித்தான் நீதிமன்றம் போக வேண்டும். தாபரிப்பு வழக்கை நீதவான் பார்ப்பார். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். 1978ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் தனிக் குடும்ப நீதிமன்றங்களை உண்டாக்கியது. பின்னர் அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கே போய்விட்டது. ஆகவே காணித் தகராறும் கடன் வழக்கும் பார்க்கிற அதே நீதிபதிதான் பிள்ளை தாயிடமா தகப்பனிடமா என்பதையும் சொல்கிறார். அவரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் நீதிச்சேவை ஆணைக்குழு. ஊருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கதை வேறு. நியூயோர்க் மாநிலத்துக்குள்ளேயே இரண்டு முறை உண்டு. நியூயோர்க் நகரத்தில் குடும்ப நீதிமன்ற நீதிபதியை மேயர் நியமிக்கிறார். நகரத்துக்கு வெளியே மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதவிக்காலம் பத்து ஆண்டுதான். டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேலே. அங்கே நீதிபதி கட்சிப் பெயரோடு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, வாக்குக் கேட்டு வர வேண்டும்.

இந்த முறையால் நன்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கேரளத்தின் காசர்கோட்டில் பீடி சுற்றிப் படித்த சுரேந்திரன் பட்டேல், 2022இல் டெக்சாஸின் போர்ட் பெண்ட் பகுதியில் மாவட்ட நீதிபதியாகத் தெரிவானார். அவர் ஏறியது குடும்ப நீதிமன்றப் பீடம் அல்ல. ஆனால் தெரிவு முறை அதேதான். குடியேறி வந்த, பேச்சில் ஊர் வாடை மாறாத ஒருவரை, நியமனக் குழுவின் மூடிய அறை இவ்வளவு சீக்கிரம் அந்தக் கதிரையில் இருத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான். தாய்மாரிடம் எரிந்து விழுகிற, தவணைக்கு மேல் தவணை போடுகிற நீதிபதியை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம் என்பதும் சின்ன விஷயமில்லை.

ஆனால் நடப்பது அதுதானா? 2018 நவம்பரில் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்தில், தேர்தலில் நின்ற குடியரசுக் கட்சி நீதிபதிகள் கூட்டமாகத் தோற்றார்கள். குடும்ப நீதிமன்றங்களில் இருந்தவர்களும் அதில் அடங்குவர். அப்போது அங்கே ஒரே அடையாளத்தில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் வாக்களிக்க முடிந்தது. வாக்குச்சீட்டிலோ டசின் கணக்கில் நீதிபதிகளின் பெயர்கள். எந்த நீதிபதி பிள்ளைகளின் வழக்கை அக்கறையோடு கேட்டார், எவர் அசட்டையாக இருந்தார் என்று பார்த்துப் புள்ளடி போட்டவர் எத்தனை பேர்? நல்லவரும் மோசமானவரும் ஒரே வெள்ளத்தில் அடிபட்டுப் போனார்கள்.

அதைவிடப் பெரிய கோளாறு பணம். குடும்ப நீதிபதியின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. வழக்கறிஞர்களுக்கு நன்றாகத் தெரியும். தேர்தல் செலவுக்குக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. நேற்று நன்கொடை கொடுத்தவர் இன்று மனைவிக்காக எழும்பி நின்று வாதாடினால், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் கணவனுக்கு என்ன நம்பிக்கை இருக்கும்? நீதிபதி வேட்பாளர் நேரில் பணம் கேட்பதைத் தடுக்கும் புளோரிடா விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் ஒரே ஒரு நீதியரசர் வித்தியாசத்தில்தான் காப்பாற்றியது.

அப்படியானால் நம் நியமன முறை தூய்மையா? அதையும் சொல்ல முடியவில்லை. முல்லைத்தீவு மாவட்ட நீதிபதியாக இருந்த ரி. சரவணராஜா, குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கில் கட்டளைகள் பிறப்பித்தபின் நாடாளுமன்றத்திலேயே தாக்கிப் பேசப்பட்டார். 2023 செப்டம்பரில், உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறிப் பதவியைத் துறந்து நாட்டை விட்டுப் போனார். வாக்குக் கேட்காத நீதிபதியையும் அரசியல் விட்டுவைப்பதில்லை.

ஊருக்குள்ளேயே ஆள் பார்த்துக் குடும்ப வழக்கைக் கொடுக்கும் முறையும் நம்மிடம் இருக்கிறது. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றம் அப்படிப்பட்டது. காதியார் பெரும்பாலும் அயலவர், மொழி தெரிந்தவர். சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, அதனால் செலவும் குறைவு. இவை பெரிய வசதிகள். அதே நெருக்கம்தான் பலவீனமும். கணவன் வீட்டாரோடு பழகியவர் முன்னால், வழக்கறிஞரின் துணையும் இல்லாமல், ஒரு பெண் தன் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காதியாருக்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதவியை ஆணுக்கு மட்டுமே ஒதுக்கியது. அந்தச் சட்டத்தைத் திருத்த ஆலோசனை சொல்ல 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையைக் கையளிக்க 2018 ஆகிவிட்டது.

குடும்ப வழக்குக்கு வாக்குப் பெட்டி பொருந்தாது. அங்கே வெல்பவர் தோற்பவர் இருவரும் ஒரே பிள்ளையின் பெற்றோர், இருவரும் வாக்காளர்களும்கூட. கேட்க வேண்டியது வேறு: நீதிபதியை ஏன் நியமித்தார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதை ஆணைக்குழு காரணத்தோடு வெளியிடட்டும், காதிப் பதவி பெண்களுக்கும் திறக்கட்டும், மாதத்தில் ஒரு நாளாவது குடும்ப வழக்குகளுக்கென ஓர் அமர்வு கரடியனாறு போன்ற படுவான்கரை ஊர்கள் பக்கம் வரட்டும். இதில் எதற்கும் தேர்தல் தேவையில்லை.