‘ஷிபோலேத்’ என்னும் சொல்

தாம் ஏற்காத கோட்பாட்டை ‘வெறும் ஷிபோலேத்’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஒதுக்கிவிடும் வழக்கம் இறையியல் மாணவரிடையே உண்டு. பொருளிழந்து தேய்ந்த கட்சிக் கோஷம் என்று அகராதியும் பொருள் தருகிறது. அப்பொருள் தவறன்று, ஆயினும் அச்சொல்லின் பிறப்பை நோக்குமிடத்து அது மிகவும் இலேசானது என்பதே நம் கருத்து.

நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில், கீலேயாத்தியரை எப்பிராயீமைவிட்டு ஓடிவந்தவர்கள் என்று எப்பிராயீமர் இகழ்கின்றனர். தோற்றபின் யோர்தான் துறைக்கு வந்து வழி கேட்கும் எப்பிராயீமருக்கோ, அடுத்த வசனத்தில் அதே பெயர் வந்துசேருகிறது. எபிரெயத்தில் ஈரிடத்தும் ஒரே தொடர். மொழிபெயர்ப்பில் இதனைக் கவனிப்போர் சிலரே. ‘ஷிபோலேத்’ தானியக் கதிரைக் குறிக்கும். 69ஆம் சங்கீதத்தில் வெள்ளத்தைக் குறிக்கும். துறையில் கேட்கப்பட்டமையால் வெள்ளமே பொருந்தும் என்பாரும் உளர். காவலருக்கோ பொருள் ஒரு பொருட்டன்று, முதலெழுத்தின் ஒலியே வேண்டியிருந்தது. ‘ஷ’ வராது ‘ஸ’ என்றவன் கொல்லப்பட்டான். அக்காலத்தில் விழுந்தோர் 42,000 பேர் என்று கூறும் ஆசிரியர், யெப்தாவைப் புகழவுமில்லை, கடியவுமில்லை. அடுத்த வசனத்திலேயே அவன் மரணத்தைச் சொல்லிவிடுகிறார்.

1671இல் வெளிவந்த தம் சிம்சோன் நாடகத்தில் இச்சொல்லை எடுத்தாண்ட மில்டன் அக்கொலையை மறக்கவில்லை. பிற்கால ஆங்கிலமே மறந்தது.

துறைக் காவல் பழங்கதையுமன்று. 1983 ஜூலையில் இலங்கையில் வன்முறைக் கும்பல்கள் வழிமறித்து, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து தமிழரை இனங்கண்டதைத் தப்பியோர் நினைவுகூர்ந்துள்ளனர். அச்சொல்லின் முதலொலியைச் செவ்வையாக உச்சரிக்கத் தமிழர் பலர் இடர்ப்படுவர். அவ்வொலியைச் செவ்வையாகக் காட்டத் தமிழில் எழுத்துமில்லை.

நம் திருமறை மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைப் பெயர்க்காது, ‘ஷி’ என்றும் ‘சி’ என்றும் எழுதி ஒலிவேறுபாட்டைக் காத்தது நன்று. ஆனால் ஆலயத்தில் பாடம் வாசிப்போர் பலர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். கேட்கும் சபையாருக்கு அம்மனிதன் ஏன் மாண்டான் என்பது விளங்குவதில்லை. (கிரந்த எழுத்து நாவில் ஏறாத நம்மில் பலர் அத்துறையைக் கடந்திருக்க மாட்டோம்.)

ஆகவே, ஒரு கோட்பாடு பிழையெனின் பிழையென்றே எழுதுக. ஒருவர் மனமார விசுவாசித்தும், குறித்த வாய்பாட்டை நாம் விரும்பியவாறு சொல்லாததால் திருவிருந்துப் பந்தியினின்று விலக்கப்பட்டாராயின், அந்த வாய்பாட்டிற்கே ‘ஷிபோலேத்’ என்னும் பெயர் தகும்.