ட்ரோலப்பின் முதல் அரை மணி நேரம்

எழுத வரும் இளைஞருக்குத் தமிழில் இன்று அதிகம் சொல்லப்படும் அறிவுரை, "தினமும் எழுது". ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 வரை நாளுக்கோர் அத்தியாயமாக 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களை எழுதி முடித்த பிறகு இந்த அறிவுரைக்குத் தனி வலுவே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்நூறு சொல், ஆயிரம் சொல் என்று கணக்கு வைத்து எழுதும் இளைஞர்கள் பலரைப் பார்க்கிறேன். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. மனநிலை கூடி வரட்டும் என்று காத்திருந்தே எழுதாமல் போனவர்கள் நம்மிடையே ஏராளம். அலுவலகம், பேருந்து, வீட்டு வேலை என்று நாள் முழுக்கப் பிடுங்கப்படுகிறவருக்கு, குறித்த நேரத்தில் உட்கார்வது ஒன்றுதான் வழி. 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதி, ஆங்கிலச் செய்திகளை உடனுக்குடன் தமிழாக்கித் தர வேண்டியிருந்தது. அவருடைய உரைநடையின் வேகத்தில் அந்த அன்றாட நெருக்கடிக்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் கணக்கு வைப்பதில் ஒரு பெரிய பிசகு நேர்ந்திருக்கிறது. இதற்கு முன்னோடியாகக் காட்டப்படுபவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து எட்டரைக்கு எழுந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல். மொத்தம் 47 நாவல்கள். இவ்வளவும் எல்லோரும் சொல்வது. அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது: அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி, முந்தைய நாள் எழுதியதைத் திரும்பப் படிப்பதற்கு. சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பாராம். நம் இளைஞர்கள் 250ஐ எடுத்துக்கொண்டு இந்த அரை மணியை விட்டுவிட்டார்கள்.

விட்டதன் விளைவு பக்கத்திலேயே தெரியும். "அம்மா போனபின் அவன் தாங்க முடியாத சோகத்தில் ஆழ்ந்தான். வாழ்க்கையே வெறுமையாகத் தோன்றியது" என்று ஒருவர் எழுதுகிறார். பத்துச் சொல் கணக்கில் ஏறிவிட்டது. மறுநாள் காலை அதையே வாய்விட்டுப் படித்தால், இது எந்த மகனுக்கும் பொருந்தும் வரி என்று காதுக்கே தெரிந்துவிடும். "அம்மா ஊறப்போட்டிருந்த உளுந்து மூன்றாம் நாள் நுரைத்து நாறியது. அதைக் கொட்ட அவனுக்குக் கை வரவில்லை" என்று மாற்றத் தோன்றலாம். வீடு வந்துவிட்டது, ஆளும் வந்துவிட்டான். இந்தத் திருத்தம் மறுவாசிப்பில்தான் நடக்கும். அடுத்த ஐந்நூறை நோக்கி ஓடுகிறவர் அந்த உளுந்தைப் பார்க்கவே மாட்டார். இருபத்துச் சொச்சம் கதைகளே எழுதிய மௌனி இன்றும் படிக்கப்படுகிறார். (மௌனியைக் காட்டிச் சோம்பியிருப்பவர்களுக்காக இதைச் சொல்லவில்லை.)

கணக்கு வாசிப்புக்குள்ளும் புகுந்துவிட்டதுதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது. வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்தால் தடித்த நாவல்கள் தள்ளிப்போகும், மறுவாசிப்பு அறவே நின்றுபோகும். பதினெட்டு வயதுக்கு மேல்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர் சுந்தர ராமசாமி. எழுத வந்த தொடக்க காலத்திலேயே தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலை மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பைப் போல மெதுவான வாசிப்பு வேறில்லை. ஒரு வாக்கியம் ஏன் அங்கே முடிகிறது என்று ஒவ்வொரு வரியிலும் யோசித்தாக வேண்டும். ஒரு மாதத்தில் பத்துப் பக்கம் மொழிபெயர்க்கும் இளைஞர், பத்துப் புத்தகம் புரட்டியவரைவிட அதிகம் கற்றுக்கொள்வார் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே தினமும் உட்காருங்கள். அதில் மாற்றுக் கருத்தில்லை. கையில் ஒரு மணி நேரம்தான் இருந்தால் அதில் இருபது நிமிடமாவது நேற்றைய பக்கத்துக்குக் கொடுங்கள். நோட்டில் எழுதிய சொற்களோடு அடித்த சொற்களையும் குறித்துவையுங்கள். நண்பர்கள் இரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை உரக்கப் படித்துத் தயங்காமல் பேச முடிந்தால் இன்னும் நல்லது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய 'காகங்கள்' கூட்டம் போல ஒன்றுக்கு ஒரு திண்ணையும் ஓய்வான ஒரு மாலையும் போதும்.